உள்ளூர் வழக்கு: இல்லை

அந்தப் படிவத்தில் ஆறு கட்டங்கள் உண்டு. எண், இடம், அளவு, பொருள், உத்தேசமான காலம். ஆறாவது கட்டத்துக்கு 'உள்ளூர் வழக்கு' என்று தலைப்பு. கிடைத்த பொருளைப் பற்றி ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள், அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று விசாரித்து எழுத வேண்டும். வழக்கில் இருக்கிற பொருளை ஊரைக் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒரு கல்லுக்கு நேரே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதிய பேனாகூட என்னுடையது இல்லை, ஜீப் டிரைவருடையது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. அந்தச் சொல்லால்தான் ஒரு தாய்க்கு மகளின் கல் இல்லாமல் போனது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தொல்லியல் வேலையில் தற்காலிகப் பணியாள். திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாற்றின் குறுக்கே ஒரு தரைப்பாலம் இருந்தது. பாலம் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மணலுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சிமெண்டுத் தளம், அடியில் நாலு குழாய், அவ்வளவுதான். வருஷத்தில் பத்து மாதம் ஆற்றில் ஆடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் மேற்கே எங்கோ பெய்கிற மழைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வரும். வந்தால் இரண்டு நாளோ மூன்று நாளோ, அக்கரையில் இருப்பவன் அக்கரையில், இக்கரையில் இருப்பவன் இக்கரையில்.

ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் உயரமான பாலத்துக்கு உத்தரவானது. தூண் போட மண் எப்படி இருக்கிறது என்று கரையில் குழி வெட்டிப் பார்த்தார்கள். பத்தடி ஆழத்தில் கடப்பாரை ஒரு தாழியில் இடித்தது. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய தாழி, உள்ளே எலும்பு. வேலை நின்றது. பாலம் வருவதற்கு முன் அந்த இரண்டு கரையிலும் வேறு என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பட்டியல் போட எங்களை அனுப்பினார்கள். ஓர் அதிகாரி, நான், ஒரு ஜீப், ஒரு டிரைவர். நாலு வாரம் கெடு.

எனக்கு அந்த நாலு வாரமும் நரகம். வேலை கஷ்டம் என்று இல்லை. கரிசல் காட்டில் பத்தடிக்கு ஒரு கொடி நட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஓட்டாஞ்சில்லு பொறுக்குவது எனக்குப் பிடித்த வேலைதான். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வளைகாப்பு முடித்து மல்லாங்கிணற்றில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பஸ் ஜன்னல் வழியாக அவள் கையாட்டியபோது கை நிறைந்த வளையலும் சேர்ந்து ஆடியது. அந்தச் சத்தம் பஸ் இன்ஜினையும் மீறி எனக்குக் கேட்டது. அதன்பிறகு வீட்டில் ஒரு தம்ளர் இடறினாலும் அந்தச் சத்தம்தான். இவளைப் பார்க்காமல் எப்படி இருக்கப் போகிறேன் என்று நான் வாய்விட்டே புலம்பினேன்.

என் வாய் சும்மா இருக்குமா? தளத்துக்குப் போன முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. மண் சுமக்க உள்ளூரில் ஆறு பேரை வைத்திருந்தோம். "சாரு இன்னைக்கு மூஞ்சி தொங்கிப் போயிருக்காரே, மல்லாங்கிணத்துல இருந்து லெட்டர் வரலையா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். அந்த ஆறு பேரில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் மட்டும் கிண்டல் பண்ண மாட்டார். எனக்கு அவர் பெரியம்மா. அவருக்கு நான் தம்பி. கோபம் வந்தால் மட்டும் சார்.

முதல் வாரமே அவரிடம் சாராகிவிட்டேன். அந்தத் தாழிக்குள் இருந்த மண்ணைச் சுரண்டி எலும்பை எடுக்க நான் கையை விட்டேன். பெரியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கைய எடுங்க சார்! புள்ளத்தாச்சி புருசன் எலும்பத் தொடலாமா? பொணம் தூக்கக் கூடாது, பூசணிக்கா ஒடைக்கக் கூடாதுன்னு ஒங்க வீட்ல ஒருத்தரும் சொல்லலையா?"

"இது ரெண்டாயிரம் வருசத்துப் பொணம் பெரியம்மா."

"ஆனா? ரெண்டாயிரம் வருசமானா பொணம் பொணமில்லைன்னு ஆயிருமா? எந்திரிங்க மொதல்ல."

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. படித்தவன், அரசாங்க வேலைக்கு வந்தவன், என் கையைப் பிடித்து இழுக்கிறாரே இந்த அம்மா என்று முணுமுணுத்தேன். ஆனாலும் எழுந்துவிட்டேன். உள்ளூர ஒரு பயம் யாருக்குத்தான் இல்லை? அன்றிலிருந்து எலும்பு எடுப்பது பெரியம்மாவின் வேலையானது. பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளி, ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் அடுக்குவார். நான் ஐந்தடி தள்ளி உட்கார்ந்து சீட்டு எழுதுவேன். அதிகாரியே "இந்த அம்மா கை மாதிரி நம்ம ஆபீஸ்ல ஒருத்தருக்கும் கை கிடையாது" என்று சொல்லியிருக்கிறார்.

பாலத்தின் இக்கரையில், சாலை ஆற்றுக்குள் இறங்குகிற இடத்தில், ஒரு சுமைதாங்கி நின்றது. நெஞ்சுயரத்துக்கு இரண்டு தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். சீமைக்கருவேல விறகுக் கட்டோடு வருகிற பெண்கள், யாருடைய துணையும் இல்லாமல் கட்டைத் தலையிலிருந்து அப்படியே கல்லின் மேல் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். கிளம்பும்போது குனிந்து தலையைக் கொடுத்தால் கட்டு தானாகத் தலைக்கு வந்துவிடும்.

சுமைதாங்கி எதற்கு வைக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்கு வைக்கிற கல் அது. சுமந்த சுமையை இறக்காமலே போய்விட்டாளே, போகிற வருகிறவர்கள் சுமையை இறக்கி வைக்க வைக்க அவள் சுமையும் இறங்கட்டும் என்று வைப்பார்கள். அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இந்த வேலைக்கு வந்தபிறகு என் புத்தி ஒரு மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கல்லைப் பார்த்தாலும் எத்தனை நூறு வருஷம் என்றுதான் முதலில் தோன்றும். யாருக்கு என்று தோன்றாது. அந்தத் தூணில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்ததையும் பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பெரியம்மா தன் கூடையை ஒரு நிமிஷம் அந்தக் கல்லின் மேல் வைத்து எடுப்பார். அதையும் நாள் தவறாமல் பார்த்தேன். காலிக் கூடையை எதற்கு இறக்கி வைக்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? மண்டையில் ஏறவில்லை.

புதுப்பாலத்துக்கு ஏறுகிற சாலை சரியாக அந்தக் கல்லின் மேல்தான் போகும்படி இருந்தது. சாலை வேலையின் மேஸ்திரியிடம் கேட்டேன். "அது ஒண்ணுமில்ல சார். தூக்கி இருபதடி தள்ளி ஓரமா நட்டுருவோம். ஊர்ல பேசியாச்சு" என்றார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. நான் அங்கே இல்லாமலே இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

கடைசி வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. சாப்பிட்டுவிட்டு, வேறு நிழல் இல்லாததால் அந்தச் சுமைதாங்கியின் அடியில் துண்டை விரித்து மல்லாக்கப் படுத்தேன். மேலே பார்த்தால், பலகைக் கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்து! சுண்ணாம்பும் சிலந்திக்கூடும் அப்பிக் கிடந்த இடத்தில், வளைந்து வளைந்து மூன்று வரி. வட்டெழுத்து. "ஐயோ!" என்று கத்திக்கொண்டு எழுந்ததில் கல்லில் தலையை முட்டிக்கொண்டேன். அதிகாரி ஓடிவந்தார், அவரும் மல்லாக்கப் படுத்தார். எழுந்தபோது என் தோளில் தட்டிக்கொடுத்தார். என்னை நிரந்தரமாக்குவது பற்றி மேலே எழுதுவதாக அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார்.

பெரியம்மாவும் வந்து நின்றார். "என்ன தம்பி, அடியில படுத்துக்கிட்டு என்னத்தப் பாக்கீக?"

"இதுல எழுத்து இருக்கு பெரியம்மா. ஆயிரம் வருசத்து எழுத்து."

அவர் முகம் மலர்ந்தது என்றால் அப்படி ஒரு மலர்ச்சி. "இந்தக் கல்லுலயா? எழுத்தா இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குனிந்து பார்க்க முயன்று, இடுப்பு வளையாமல், கையை மட்டும் அடியில் விட்டுத் தடவினார். "என்ன எழுதியிருக்கு தம்பி?"

"இன்னும் படிக்கலை. காகிதத்த ஒட்டி மை ஒத்தி, மைப்படி எடுத்துத்தான் படிக்கணும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு "நல்லாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வந்தது. இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் அருப்புக்கோட்டை போய் மல்லாங்கிணற்றுக்குப் பஸ் மாறி, வெளிச்சத்தோடு அவளைப் பார்க்கலாம். அதிகாரியோ கறாரானவர். "கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். முடிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பு." நாற்பத்தேழு படிவம். நாற்பத்தாறு முடிந்துவிட்டது. நாற்பத்தேழாவது அந்தக் கல். அளவு எழுதினேன், காலம் எழுதினேன். ஆறாவது கட்டத்துக்கு வந்தபோது மணி இரண்டு. ஐம்பதடியில் பெரியம்மா மண் கொட்டிக்கொண்டிருந்தார். "பெரியம்மா, இந்தக் கல்லு யாரு வச்சது?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். குரல் கொடுத்தால் பேச்சு வளரும், யாராவது வருவார்கள், இரண்டரை பஸ் போய்விடும். 'இல்லை' என்று எழுதி நீட்டினேன். ஓட்டமாக ஓடிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அன்று சாயங்காலம் அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலையில். "இவ்வளவு இளைச்சுட்டீங்களே" என்றாள். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு உதை. நான் அழுதுவிட்டேன், வெட்கமே இல்லாமல். அந்தச் சாயங்காலத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றுதான் நேற்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கெடு முடிந்தது. ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தை மாதம், ஒரு கிலோ இனிப்புச் சேவு வாங்கிக்கொண்டு குண்டாற்றுக்குப் போனேன். பாலத்து வேலை ஆரம்பித்திருந்தது. பெரியம்மா இப்போது அங்கே கல் சுமந்துகொண்டிருந்தார். பொட்டலத்தை நீட்டினேன்.

"என்ன புள்ள?"

"பொம்பளப் புள்ள பெரியம்மா."

"தாயும் புள்ளயும் நல்லாருக்காகளா?"

"நல்லா இருக்காக."

"ரெண்டு பேருமா?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றதும் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைச் சாலையோரத்துக்குக் கூட்டிப் போனார். மேஸ்திரி சொன்ன சொல் தவறவில்லை. இருபதடி தள்ளி இரண்டு தூணையும் நட்டிருந்தார். தூண்களின் மேலே ஒன்றும் இல்லை. எழுத்து இருந்த கல் பழம்பொருள் என்று பட்டியலில் ஏறியதால், மார்கழியிலேயே லாரி வந்து எடுத்துப் போயிருந்தது.

"இனிச் சொல்லலாம் தம்பி. அது எம்மக கல்லு" என்றார்.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தலைப்பிரசவத்துக்குக் கூட்டியாந்தேன். கார்த்திக மாசம். விடிய வலி கண்டு, வண்டி கட்டிக் கரைக்கு வந்தா, பாலத்து மேல இடுப்பளவு தண்ணி ஓடுது. ஆசுபத்திரி அக்கரையில. காலையில இருந்து பொழுதடையிற மட்டும் வண்டியிலயே கெடந்தா. தண்ணி வடியலை. இதே எடம்தான். அவுக அப்பாதான் கண்மாய்க்கரையில இடிஞ்சு கெடந்த கோயில் கல்ல வண்டியில ஏத்தியாந்து, ஒத்தையாளா நெம்பி மேல வச்சாக. எழுத்து அடியில போயிருச்சுன்னு அவுகளுக்கும் தெரியாது. பேரு வெட்ட எங்களுக்கு நாதியில்ல. நீங்க எழுத்து இருக்குன்னு சொன்னீகளா, எனக்கு அன்னைக்கு எம்மக பேரே அதுல இருக்காப்புல சந்தோசமாப் போச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே பெரியம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என் கோபம் எப்போதும் தப்பான ஆள் மேல்தான் பாயும். கத்தியே விட்டேன்.

"எப்படிச் சொல்ல? ஒங்க வீட்ல எட்டு மாசம். புள்ளத்தாச்சி புருசன் காதுல இந்தச் சேதியப் போட்டா என் நாக்கு அழுகிப் போகாதா? ஒங்களுக்குப் புள்ள பொறக்கட்டும்னு இருந்தேன்."

என் மனைவிக்காக அவர் வாயை மூடிக்கொண்டார். என் மனைவிக்காக நான் காதை மூடிக்கொண்டேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டார்: "எழுத்தப் படிச்சு முடிச்சதும் கொண்டாந்து வச்சிருவீகள்ல தம்பி?"

"ஆமா பெரியம்மா" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்பத்தேழாம் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "பதிவேட்டில ஏறின பொருள் இறங்காதுப்பா. அதுவும் நீயே எழுதியிருக்க, உள்ளூர் வழக்கு இல்லைன்னு. இப்ப இருக்குன்னா எதை நம்புறது? எழுத்துள்ள கல்லை மறுபடி ரோட்டோரம் மழையில வெயில்ல நிறுத்தச் சொல்றியா?" ஆனாலும் கல்லைத் திருப்பிக் கேட்டு மேலே எழுதினேன். வருஷத்துக்கு இரண்டு கடிதம். வந்த பதில்களையெல்லாம் இன்னும் வைத்திருக்கிறேன், எல்லாம் ஒரே பதில். நடுவில் என்னை நிரந்தரமாக்கி உத்தரவு வந்தது. அந்தக் கல்லைக் கண்டுபிடித்ததையும் அதில் ஒரு காரணமாகக் காட்டியிருந்தார்கள். இனிப்பு எங்கே என்று கேட்ட கூட வேலை செய்பவர்களிடம் எரிந்து விழுந்தேன்.

எழுத்தையும் படித்தாயிற்று. யாரோ ஒருவர் ஒரு குளத்துக்கு மடை வைத்துக் கொடுத்திருக்கிறார். பேர் இருந்த பக்கம் உடைந்து போயிருந்தது.

பாலம் திறந்தார்கள். நல்ல பாலம். பரளச்சிப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் பஸ் அதன்மேல் ஏறி இறங்கும். முதலில் இரண்டு மூன்று தடவை இறங்கிப் பெரியம்மாவைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "படிச்சு முடிச்சாச்சா தம்பி?" என்பார். "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பேன். பிறகு இறங்குவதை நிறுத்திவிட்டேன். பஸ் பாலத்தை விட்டு இறங்கும்போது, கால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொள்வேன். சீ, என்ன பிறவி நான் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஒரு தடவை குனிய மறந்துவிட்டேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண் அந்த இரண்டு தூணுக்கும் பக்கத்தில் வந்ததும் பழக்கத்தில் நடையைத் தளர்த்தி, மேலே கல் இல்லை என்று நினைவு வந்து, மறுபடி நடந்தாள்.

என் மகளுக்கு ஏழு வயது நடந்த சமயம், இனிப் பொய் சொல்ல முடியாது என்று போய் இறங்கினேன். பெரியம்மாவின் கணவர் அதற்குள் காலமாகியிருந்தார். அது எனக்குத் தெரியாது. பெரியம்மா தனியாக வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

"அந்தக் கல்லு வராது பெரியம்மா. அன்னைக்கு நான்தான் தப்பா எழுதிட்டேன். அதுக்கப்புறம் என்னால மாத்த முடியலை. வேற நல்ல கல்லா நானே பாத்து வச்சுத் தாறேன்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கல்லுக்கா பஞ்சம்? அவுக அப்பா கை வச்ச கல்லுல்ல அது. அவுகளும் போயிச் சேந்துட்டாக" என்றார். மடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டு எழுந்தார். "அது வராதுன்னா நான் போறேன். என்னையக் கூட்டிட்டுப் போங்க."

அடுத்த வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை, பழைய சேலையில் கட்டியது. நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அங்கிருந்து மாறிய பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். இறங்கி, கல்லை வைத்திருந்த அரசாங்கக் காட்சிக்கூடத்துக்கு ஒரு மைல் நடை. "ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்றேன். "சொமந்துக்கிட்டுத்தான் போகணும்" என்றார். உச்சி வெயிலில், கழுத்து நரம்பு புடைக்க, வழியில் எங்கும் இறக்காமல் நடந்தார். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.

கல் பின்பக்க முற்றத்தில் இருந்தது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதில் படுக்க வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் படிப்பதற்கு வசதியாக எழுத்து மேலே. அப்படியென்றால் சுமை இறக்குகிற பக்கம் அடியில். அதை நான் முன்பே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் உறைக்கவில்லை. பெரியம்மாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூட்டையைத் தலையில் ஒரு கையால் பிடித்தபடி, மெல்ல மண்டியிட்டு, செங்கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சந்தில் மறு கையை விட்டார்.

"இந்தா, இங்கனக்குள்ள வழுவழுன்னு இருக்கு" என்றார். அந்த ஊர்ப் பெண்களின் விறகுக் கட்டு தேய்த்த வழுவழுப்பு. கையை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை.

பிறகு மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி, கல்லின் மேல், அந்த மூன்று வரி எழுத்தின் மேலேயே வைத்தார். "எறக்கிட்டேன் தாயி" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"ஏம்மா! அதுமேல வைக்கக் கூடாது! எடு, எடு!" என்று காவலாளி ஓடிவந்தார்.

"வைக்கிறதுக்குத்தானய்யா இந்தக் கல்லு" என்றார் பெரியம்மா.

காவலாளி என்னைப் பார்த்தார். என்னை அவருக்குத் தெரியும். "சுமைதாங்கிக் கல்லு" என்று மெதுவாகச் சொன்னேன். அவரும் இந்தச் சீமைக்காரர்தான். கல்லைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "யாருக்கு?" என்றார்.

"எம்மகளுக்கு."

"சரி ஆத்தா. இருந்து எடுத்துட்டுப் போங்க" என்றவர், வாசல் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

கிளம்பும்போது பெரியம்மா குனிந்து மூட்டைக்குத் தலையைக் கொடுத்துப் பார்த்தார். மேடை முழங்கால் உயரம்தானே, தலைக்கு எப்படி வரும்? இரண்டு தடவை முயன்றார். "ஒசரம் பத்தலை தம்பி" என்றார். "தூக்கி விடுங்க."

தூக்கினேன். அப்பா, என்ன கனம்! இதையா இவ்வளவு தூரம் சுமந்து வந்தார் என்று ஆடிப்போய்விட்டேன். அருப்புக்கோட்டை வந்ததும் மூட்டையை என் கையில் கொடுத்தார். "கம்பு தம்பி. பாப்பாவுக்கு. கூழு காச்சிக் குடுங்க, ஒடம்புக்கு நல்லது." பந்தல்குடிக்குப் போகிற லாரி ஒன்று வழிவிட்டதும், கையை வீசிக்கொண்டு சாலையைக் கடந்து தன் பஸ்ஸில் ஏறினார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வீட்டில் மூட்டையை அவிழ்த்தோம். நாலு படிக் கம்பு இருக்கும். நாலு படிக் கம்பு அந்தக் கனம் கனக்காது. என் மகள் விளையாட்டாக இரண்டு கையையும் உள்ளே விட்டு அளைந்தாள். "அப்பா, உள்ள கல்லு இருக்கு" என்றாள். எடுத்துப் பார்த்தேன். பாலத்து வேலையில் மிஞ்சிய கருங்கல், பெரிதாக இரண்டு. இறக்கி வைக்கிற அளவுக்குக் கனம் வேண்டும் என்று போட்டிருக்கிறார். என் மனைவி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு கல்லும் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. எந்தப் பதிவேட்டிலும் நான் ஏற்றவில்லை.